ஓம்மானி

தங்கச்சி: நல்லாச் செய்யத் தெரிஞ்ச ஆள், செய்து முடிச்சிட்டு "சரியோ, சரியோ" எண்டு கேட்குமே, அதுக்கு ஒரு சொல் வேணும். "தன்னம்பிக்கைக் குறைபாடு" வேண்டாம், மருந்துத் துண்டு மாதிரிக் கிடக்கு.

உப்புவெளி அக்கா: குறைபாடு எண்டது பிழையும் கூட. வேலை தெரியும், கையும் ஓடும். தன்ர தீர்ப்பை மட்டும்தான் நம்பாயினம். 1978ல போலின் கிளான்ஸ், சூசான் ஐம்ஸ் எண்ட உளவியலாளர்கள் கெட்டிக்காரப் பெண்களிட்ட இருக்கிற "நான் போலி, ஒருநாள் பிடிபடுவன்" எண்ட உணர்வைப் பற்றி எழுதினவை. நாங்கள் தேடுறது அதைவிட லேசு. பயம் இல்லை, "சரி" எண்டு ஒரு ஓம் காணும்.

சித்தப்பா: அப்ப ஆளின்ர வாயில வாற சொல்லையே அடியா எடுங்கோ. சரியோ + இயம். ஓகாரத்துக்குப் பின்னால உயிர் வந்தால் இடையில வகரம். சரியோவியம்.

தம்பி: சரி + ஓவியம் எண்டும் பிரிக்கலாமே 😄

சித்தப்பா: ஓமடா, இகரத்துக்குப் பின்னால யகரம் வந்து அதுவும் சரியோவியம்தான். படம் கீறுற ஆக்களுக்கு வைச்சுக்கொள்ளலாம்.

நிலாவெளி அண்ணா: அனுமாரை விட்டிட்டியளே. கடல் தாவுற பலம் இருந்தும் சாம்பவான் எடுத்துச் சொல்லுமட்டும் சும்மா இருந்தவர். தாவினதும் எங்கட பக்கம்தான். "சாம்பவம்" எண்டு வைப்பம்.

சித்தப்பா: ஏலாது. சம்பு எண்டால் சிவன், அவரோட சேர்ந்தது சாம்பவம். கோணேசர் ஊரில தீட்சைக் கதை எண்டு நினைப்பினம். "ஜாம்பவானை"க் கிரிக்கெட் செய்தி எப்பவோ கொண்டுபோயிட்டுது.

சின்னமாமி: ஒரே கேள்வியை ஏழு பேரிட்டக் கேட்கிறதுக்கு "ஏழுகிணறு". திருகோணமலைக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளில ஒவ்வொண்டும் ஒவ்வொரு சூடு, ஏழிலயும் அள்ளி வார்த்தால்தான் குளிச்ச திருப்தி. "அவ இண்டைக்கு ஏழுகிணறு" எண்டால் ஊரில ஆருக்கும் விளங்கும்.

உப்புவெளி அக்கா: திறம்! ஆனா அது முத்தின நிலை. ஏழு பேரும் கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசமாச் சொல்லுவினம், முதல் பதிலும் கலங்கிப்போகும். "சூப்பர்" எண்டு அனுப்பினாலும் நிம்மதி கொஞ்ச நேரம்தான், திரும்பக் கேட்கிற பழக்கம்தான் கூடும்.

தங்கச்சி: அப்ப ஒருக்காக் கேட்டு நிக்கிற ஆளுக்கு?

சித்தப்பா: வெப்பமானி எப்பிடி வந்தது? அதே மாதிரி ஓம் + மானி. ஓம் கிடைச்சுதோ எண்டு அளக்கிற ஆள், ஓம்மானி.

தம்பி: சித்தப்பா, அது ஏற்கனவே இருக்கு 😂 பௌதிகவியல்ல ஓம் எண்டது மின்தடையின்ர அலகு, ஓம்மானி அதை அளக்கிற மீற்றர்.

சித்தப்பா: இருக்கட்டும். சாம்பவத்தில பழைய பொருள் புதுசை விழுங்கிப்போடும். இதில ரெண்டும் பக்கத்தில பக்கத்தில நிக்கும், விளையாட்டுச் சொல்லுக்கு அதுதான் ருசி.

நிலாவெளி அண்ணா: பொருத்தம் கூடத்தான். கரண்ட் ஓடுற சுற்றில ஓம்மானி வைக்கக் கூடாது. வாசிப்பும் பிழைக்கும், மீற்றரும் எரியலாம். நிப்பாட்டிப்போட்டுத்தான் வைக்கிறது. கறி கொதிக்கேக்க கேட்காமல் இறக்கினாப் பிறகு கேட்கட்டும்.

சின்னமாமி: பதில் எப்பிடிச் சொல்லுறது?

உப்புவெளி அக்கா: ஒருதரம், ஒரு விவரத்தோட. வெறும் "நல்லாருக்கு" வேண்டாம். "சொதி இறக்கினாப் பிறகுதானே தேசிக்காய் விட்டனீங்கள், பால் திரையேல்ல" எண்டு சொல்லுங்கோ. அடுத்தமுறை ஆள் தானே பாத்துக் கண்டுபிடிக்கலாம். ரெண்டாந்தரம் கேட்டால் "நீங்கள் என்ன நினைக்கிறியள்?" எண்டு திருப்பிக் கேளுங்கோ.

சித்தப்பா: இன்னொண்டு. ஆளுக்குப் பின்னால மட்டும் சொல்லுற சொல்லெண்டால் அது பட்டப்பேர். ஆளே சிரிச்சுக்கொண்டு "நான் இப்ப ஓம்மானி" எண்டு சொல்லக்கூடியதா இருக்கோணும். வினையாவும் நடத்திப் பாருங்கோ. "ஓம்மானிக்கிறா"? நாக்குத் தடக்குது.

தங்கச்சி: "ஓம்மானி பிடிக்கிறா"?

நிலாவெளி அண்ணா: மீற்றரை "வைச்சுப் பார்" எண்டுதான் வேலையில சொல்லுறது. "ஓம்மானி வைக்கிறா."

சின்னமாமி: அப்ப வைக்கிறன். இப்ப இறக்கின அரியதரம், படம் போட்டிருக்கு. பதம் சரியோ?

உப்புவெளி அக்கா: விளிம்பு எண்ணெயில கரையாமல் வட்டமா நிக்குது மாமி, சீனி அளவு பிடிச்சிருக்கு.