பெருநாள் வாழ்த்து சொல்லலாமா?

கேள்வி (களியக்காவிளை): கிறிஸ்தவரான நாம் முஸ்லிம் அயலாருக்கு நோன்புப் பெருநாள் வாழ்த்து சொன்னால் விசுவாசத்துக்கு விரோதமா? முஹர்ரமுக்கும் சொல்லலாமா?

பதில் 1: வாழ்த்து வேறு, வழிபாடு வேறு. வத்திக்கானே 1967 முதல் ரமலான் முடிவையொட்டி வாழ்த்துச் செய்தி அனுப்புகிறது. 1991இல் போப் இரண்டாம் யோவான் பவுல் தம் பெயரிலேயே எழுதினார். பெந்தெகொஸ்தே சபைக்காரர்களிடம் இந்த ஆதாரம் எடுபடாது, அது தனி வழக்கு!

பதில் 2: நாளைப் பாருங்க முதல்ல. பிறை தெரிந்தால்தான் பெருநாள். கேரளத்தில் இன்று, தமிழ்நாட்டில் நாளை என்றும் வரும். எல்லையோரத்தில் அவருடைய பள்ளிவாசல் ஜமாஅத் எந்த அறிவிப்பை ஏற்கிறது என்று முந்தின ராத்திரி கேட்டுக்கோங்க. காலண்டரை நம்பி அனுப்பினால் அவர் நோன்போடு இருப்பார். ஹஜ்ஜுப் பெருநாள் பிறை கண்ட பத்தாம் நாள், முன்பே தெரிந்துவிடும்.

பதில் 3: முஹர்ரம் 10க்கு 'ஹேப்பி' வேண்டாம். ஷியாக்களுக்கு அது நபியின் பேரன் ஹுசைன் கர்பலாவில் கொல்லப்பட்ட துக்க நாள். சுன்னிகள் பலர் நோன்பு வைப்பார்கள். பெரிய வெள்ளிக்கு 'ஹேப்பி' வந்தால் நமக்கு எப்படி இருக்கும்?