நீங்க செஞ்ச சிஸ்டம் டெஸ்ட்ல ஓகே ஆகி, மலைத்தோட்டத்துக்குப் போனதும் சறுக்கின கதை இருந்தா சொல்லுங்க

லயத்துப்பையன்
மூணு வருஷமாச்சு, இன்னும் உறுத்துது. மஸ்கெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல கொழுந்தைத் தராசுல நிறுத்த உடனே கிலோ கணக்கு போனுக்கு மெசேஜா போற மாதிரி ஒரு சிஸ்டம் செஞ்சோம், டிஜிட்டல் தராசு, கணக்கப்பிள்ளை கையில டெப், மிச்சம் உங்களுக்கே தெரியும். இடிச்சது எஸ்எம்எஸ். இங்கிலீஷ்னா 160 எழுத்து, தமிழ்னா 70தான், அதுலயும் கொம்பு, கால், புள்ளி எல்லாத்தையும் தனித்தனியா எண்ணும், ‘கொழுந்து’ன்னு நாலு எழுத்து அடிச்சா எட்டு போயிரும். 70 தாண்டினா ரெண்டு மெசேஜ் காசு. அதனால ‘பணியாளர் பெயர் பதிவு செய்யப்பட்டது’ன்னு இருந்ததை ‘பேர் பதிவாச்சு’ன்னு வெட்டினது நான்தான். வெட்டிட்டு பெருமை வேற.

லோஞ்ச் பண்ணின முதல் நாள். பகல் நிறுவை முடிஞ்சு ஒரு அம்மா, அம்பது வயசிருக்கும், மெசேஜைப் பக்கத்துல நின்ன புள்ளைய வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டு, இடுப்புல கட்டின படங்கை அவுத்து மடிச்சு கூடைக்குள்ள வச்சிட்டு லயத்து வீட்டுக்குப் போயிட்டாங்க. வீட்டுல பேத்திக்குக் காய்ச்சலாம். புது மிஷின்ல பேரு விழுந்துருச்சு, அதான் முழு நாள் சம்பளம், இனி என்னன்னு நெனச்சிருக்காங்க. கொழுந்து 13 கிலோ, நோர்ம், அதான் ஒரு நாளைக்கு எடுக்க வேண்டியது, 18. அந்திக்கு செக்ரோல்ல, அதான் சம்பளப் பதிவுல, அரைப்பேரு, அரை நாள் சம்பளம்தான். மறுநாள் காலைல வேலை பிரிக்கிற பெரட்டுல எல்லாரும் நிக்கிறப்ப என்கிட்ட வந்து போனை நீட்டி, “தம்பி, பேரு போட்டாச்சுன்னுதானே இதுல இருக்கு, நீங்கதானே எழுதினது?”ன்னாங்க. சண்டை போடல, சும்மா கேட்டாங்க. லயத்துலயே பொறந்தவன் நான், எனக்குத் தெரியாதா பேருன்னா என்னன்னு?

வட்டவளை வாத்தி
தம்பி, நீங்க சொல்லைப் புடிச்சிக்கிட்டு அழுறீங்க. தண்ணிக்கு ஒரு கிலோ, சாக்குக்கு ஒரு கிலோன்னு கழிப்பாங்களே, அது அந்த மெசேஜ்ல வந்துச்சா இல்லையா? அந்த 13 கழிக்க முந்தியா, கழிச்ச பிறகா? அதைச் சொல்லுங்க முதல்ல. எங்கம்மா முப்பது வருஷம் கூடை சுமந்தது, எனக்குப் பேச உரிமை இருக்கு.

கொட்டகலை கோடர்
வாத்தி சார், நாங்க டெஸ்ட் பண்ணினதே அதைத்தான், வேற தோட்டம். ஒத்தை நம்பர் ஆளுங்களுக்கு நிறுத்தது எவ்வளவு, கழிச்சது எவ்வளவுன்னு முழுசா அனுப்பினோம், ரெட்டை நம்பருக்கு கடைசிக் கணக்கு மட்டும். எந்த மெசேஜுக்கு ஒபிஸுக்கு வந்து கேள்வி கேக்குறது குறையுதுன்னு ரெண்டு கிழமை பார்க்கிறதா பிளான். ரெண்டு கிழமையா? முதல் நாள் அந்தியிலேயே பீலியில தண்ணி புடிக்கிறப்ப ரெண்டு போனையும் பக்கத்துல வச்சுப் பார்த்துட்டாங்க. “ஒனக்கு மட்டும் கழிச்சிருக்கானுங்கடி, எனக்குக் கழிக்கல”ன்னு ஒரு பக்கம், இல்ல எல்லாருக்கும்தான் கழிச்சிருக்கு ஒனக்கு மறைச்சிட்டானுங்கன்னு இன்னொரு பக்கம், விடிஞ்சா ஒருத்தரும் மலைக்கு ஏறல, தோட்டத்து மனேஜர் துரை வர்ற வரைக்கும் பெரட்டுக்களத்துல உக்காந்துட்டாங்க. நான் லெப்டொப்பைப் பைக்குள்ள வச்சிட்டு கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் பின்னால நின்னேன், வெக்கமா இருக்கு சொல்ல.

இன்னொண்ணு, நாங்க மடுவத்துல நின்ன நாளெல்லாம் கழிவு ஒரு கிலோ தாண்டல. 1920கள்ல அமெரிக்காவுல ஹோத்தோர்ன் ஃபெக்டரில வெளிச்சத்தைக் கூட்டிக் குறைச்சுப் பார்த்த கதை படிச்சிருப்பீங்க, யாராவது நின்னு பார்த்தா வேலை செய்ற ஆள் மாறும்னு. இங்க மாறினது கொழுந்து எடுக்கிறவங்க இல்ல, நிறுக்கிறவங்க.

கொழும்பு டிசைனர்
நாங்களும் ஒருக்கா நுவரெலியா பக்கம் லீக்ஸ் மரக்கறி விலை மெசேஜா அனுப்புற ஒண்ணை டெஸ்ட் பண்ணினோம், ரெண்டு நாளைக்குப் பிறகு யாரும் திறக்கல, நிப்பாட்டிட்டோம்.

ஆனா மேல எழுதின எல்லாரும் ஒரே தப்பைத்தான் செஞ்சிருக்கீங்க. அஞ்சு பேரை வச்சு டெஸ்ட் பண்ணிப் பார்த்தாலே பெரும்பாலான குறை வெளிய வந்துரும்னு யூசபிலிட்டி நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000ல எழுதினார், எல்லாரும் அந்த அஞ்சை மட்டும் புடிச்சிக்கிட்டாங்க, ஆளுங்க வேற வேற ரகம்னா ஒவ்வொரு ரகத்தையும் தனியாப் பார்க்கணும்னு அவரே அதுலதான் சொல்றார். லயத்துப்பையன், உங்க டெஸ்டுக்கு ஆளுங்களைப் பொறுக்கிக் குடுத்தது யாரு? ஒபிஸ்தானே? ஒபிஸ் குடுக்கிற ஆள் வாசிக்கத் தெரிஞ்ச ஆளாத்தான் இருக்கும். அடுத்தது, மெசேஜைக் காட்டிட்டு “விளங்குச்சா”ன்னு கேக்கவே கூடாது, எல்லாரும் “ஆமா சார்”னுதான் சொல்லுவாங்க, “இதைப் பார்த்துட்டு இப்ப என்ன செய்வீங்க”ன்னு கேக்கணும். கொட்டகலைக்காரர் ஆளை ஆளாப் பிரிச்சிருக்கக் கூடாது, டிவிஷன் டிவிஷனாப் பிரிச்சிருக்கணும், ஒரே பீலியில தண்ணி புடிக்கிறவங்க ஒரே மெசேஜ்தான் பார்க்கணும். முடிஞ்சா கடதாசியில எழுதிக் குடுத்து ஒரு கிழமை ஓட்டிப் பாருங்க, செலவே இல்ல. அதோட…

கந்தப்பளைப் பொண்ணு
அண்ணா போதும், ஒங்க கதை ஒரு வரி, புத்தி பத்து வரி. யாரும் கேக்கல.

‘யாரும் திறக்கல’ன்னு எழுதினீங்களே, அந்த மாதிரி ஒண்ணுல எங்கப்பா இருந்தாரு, உங்களோடதான்னு சொல்ல வரல. காலைல எட்டு மணிக்கு தம்புள்ளை சந்தை விலை வரும். எங்க லீக்ஸ் ராத்திரியே லொறி ஏறிடும், பிறகு வர்ற விலைய வச்சு என்ன செய்ய? ஆனா அப்பா விடல. தங்கச்சிய வாசிக்கச் சொல்லி அடுப்படிக் கலண்டர்ல பென்சிலால தினமும் அந்த விலைய எழுதி, கீழ லொறிக்காரர் குடுத்த விலைய எழுதுவாரு. மெசேஜ் வந்தவுடனே போன் ஸ்கிரீன்ல மேலயே தெரியும்ல, திறக்கத் தேவையில்ல. பதினோராவது நாள் மெசேஜ் வரல. பாவிக்காத நம்பர்னு எடுத்துட்டாங்களாம். அந்த மாசத் தாள்ல பாதிக்கு மேல வெத்துக் கட்டம், அப்பா கிழிக்கவும் இல்ல.

வட்டவளை வாத்தி
லயத்துப்பையன் இன்னும் பதில் சொல்லல. அந்த அரைப்பேரு என்ன ஆச்சு?

லயத்துப்பையன்
கழிச்ச பிறகுதான் சார் 13. அரைப்பேரு அரைப்பேருதான், செக்ரோல் மூடியாச்சுன்னுட்டாங்க. நான் கைக்காசு எடுத்துக்கிட்டு லயத்துக்குப் போனேன், வாங்கல, பேத்திக்கு காய்ச்சல் விட்டுருச்சுன்னு சொல்லி தேத்தண்ணி ஊத்திக் குடுத்தாங்க. இப்ப மெசேஜ் ‘கொழுந்து 13. இன்னும் 5’ அவ்வளவுதான், 70ல பாதிகூட வரல. கழிவு அதுல இல்ல. போடச் சொல்லி ரெண்டு தடவை கேட்டாச்சு.