எரிகாயம்: படம் அனுப்பிக் கேட்டாக் காணுமா, ஆளை ஏத்தி அனுப்போணுமா?

உவர்மலையான்:
எங்கட திருகோணமலை மாவட்டத்தில, புல்மோட்டையிலயோ ஈச்சிலம்பற்றிலயோ இருக்கிற சின்ன ஆஸ்பத்திரிக்கு ஒராள் எரிகாயத்தோட வந்தா, அங்க இருக்கிற டொக்டர் படம் எடுத்து எரிகாயம் பாக்கிற சேர்ஜனுக்கு அனுப்பி, "பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏத்தி விடவா, இங்கயே வைச்சுப் பாக்கவா" எண்டு கேக்கிறது கட்டாயமாகோணும் எண்டுறன். இப்பவும் சிலபேர் தங்கட வாட்ஸப்பில இதைச் செய்யினம்தான். ஆனா அது தெரிஞ்ச ஆளைப் பிடிச்சுக் கேக்கிற வேலை, முறை இல்லை. பெரிய தனி எரிகாயப் பிரிவு எண்டா கொழும்பு தேசிய வைத்தியசாலை, பிள்ளையளுக்கு அங்கத்தைய லேடி ரிஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரி. இங்கயிருந்து 250 கிலோமீற்றருக்கு மேல. போகத் தேவையில்லாத ஆளை அலைக்கழிக்கிறம், போகவேண்டிய ஆளைப் பிந்தி அனுப்புறம்.

தென்னாப்பிரிக்காவில வூலா எண்டொரு செயலி இருக்கு. ஒரு கண் டொக்டர் கண் வருத்தக்காரருக்கெண்டு துவங்கினது. இப்ப கிராமத்து டொக்டர்மார் அதில எரிகாயப் படமும் போட்டு நகரத்துச் சேர்ஜனிட்டக் கேக்கினம். அங்க ஏலுமெண்டா இங்க ஏன் ஏலாது?

கிண்ணியா நானா:
படத்துல எதைப் பாக்கப் போறாங்க தம்பி? எரிகாயத்துல ஆழம்தான் விசயம். விரலால அமத்தி விட்டா வெளுத்துத் திரும்பச் சிவக்குதா என்டு பாக்கணும். ஊசி முனை பட்டா உணருதா என்டு பாக்கணும். இது ரெண்டும் போனுல வராது. நம்மட நிறத் தோலுல சிவப்பு படத்துல சரியா விழவும் மாட்டாது. அனுபவமுள்ள சேர்ஜன் பக்கத்துல நின்டு பாத்தாலே நாலுல ஒரு தடவையாவது ஆழம் பிழைக்கும். அதோட ரெண்டு மூணு நாளைக்குள்ள காயம் தன்பாட்டுல ஆழமாகும். முதல் நாள் படத்தை நம்பி "இங்கயே வைங்க" என்டு சொன்னா, அஞ்சாம் நாள் யாரு பொறுப்பு?

கிண்ணியாப் பாலம் 2009ல திறந்தாச்சு. மூதூர் ஆளை ஏத்தித் திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு வாறதுக்கு இதெல்லாம் தேவையா?

பழைய வோட்டு மிஸ்:
நானா ஆழத்திலயே நிக்கிறார். முதல் 24 மணித்தியாலத்தில ஆளைப் புரட்டிப் போடுறது, உடம்பில எத்தினை வீதம் எரிஞ்சது எண்ட பரப்புக் கணக்கு. அதில பிழை விடுறது எங்கட ஆக்கள் மட்டுமில்லை, உலகம் முழுக்கச் சின்ன ஆஸ்பத்திரியள் கூட்டித்தான் எழுதுறது. வெறுமனே சிவந்த இடத்தையும் எரிகாயமாச் சேத்துப் போடுவினம். கரியைக் கழுவாமலே எண்ணுவினம்.

கணக்கைப் பாருங்கோ. முதல் 24 மணித்தியாலத்துக்கு, உடம்பு நிறையில ஒரு கிலோவுக்கு, எரிஞ்ச ஒவ்வொரு வீதத்துக்கும் 4 மில்லிலீற்றர் ஏத்தோணும். 50 கிலோ ஆள், 20 வீதம் எரிஞ்சிருக்கு. 4 மில்லிலீற்றரை 50ஆலயும் 20ஆலயும் பெருக்கினா 4 லீற்றர் ஹார்ட்மன் சேலைன். அதில பாதி முதல் 8 மணித்தியாலத்துக்குள்ள போகோணும். அந்த 8 மணித்தியாலம் எரிஞ்ச நேரத்திலயிருந்து, ஆஸ்பத்திரி வோட்டுக்கு வந்த நேரத்திலயிருந்து இல்லை. பின்னேரம் 6 மணிக்கு எரிஞ்சு 10 மணிக்கு வந்தா, மிச்சம் 4 மணித்தியாலத்துக்குள்ள 2 லீற்றர். இதே ஆளுக்கு 40 வீதம் எண்டு எழுதினா 8 லீற்றர் ஆகுது. உடம்பு ஊதி, நெஞ்சில தண்ணி கட்டி, மூச்செடுக்கேலாமல் போகும். பச்சைப்பிள்ளையெண்டா இன்னும் மோசம்: தலை மட்டும் 18 வீதம். பெரியாக்களின்ர கணக்கை அதுக்குப் போட்டாப் பிழை.

பரப்பைப் படத்தில பாக்கலாம். நோயாளியின்ர உள்ளங்கை விரலோட சேத்து ஏறக்குறைய 1 வீதம். முன்பக்கம் ஒண்டு, பின்பக்கம் ஒண்டு, கிட்ட ஒண்டு, பக்கத்தில ஒரு அடிமட்டம். காயத்தைக் கழுவின பிறகு, வெள்ளைக் கிறீம் பூச முதல் எடுக்கோணும். அதுதான் முக்கியம். கிறீமைப் பூசிக் கட்டி அனுப்பினா, போற இடத்தில திரும்ப அவிழ்த்துக் கழுவினால்தான் ஏதும் தெரியும். அந்த வேதனையைப் பாத்தவைக்குத் தெரியும் நான் ஏன் படத்துக்கு வாதாடுறன் எண்டு. வாட்ஸப்பில போட்டோவா அனுப்பாதேங்கோ, சுருக்கிப் போடும். டொக்கியூமெண்டா அனுப்புங்கோ.

சல்லிக்கரை:
மிஸ், கத்துற ஆளை விடக் கத்தாத ஆளுக்குத்தான் ஆழம் கூட. நரம்பு செத்தா நோகாது. படத்தில சத்தம் கேக்குமா?

பழைய வோட்டு மிஸ்:
அதுக்குத்தான் தம்பி வீடியோ கோல். படத்தோட மட்டும் நிக்கச் சொன்னது ஆர்?

கிண்ணியா நானா:
மிஸ், கணக்குச் சரி, ஒத்துக்கிறன். ஆனா நான் கண்டதைச் சொல்றன், எந்த ஆஸ்பத்திரி என்டு கேக்காதீங்க. எங்கட சொந்தக்காரப் பொடியன், படகு எஞ்சினுல பெற்றோல் பத்தி ஒரு கை முழுக்கச் சுத்திவர எரிஞ்சுட்டு. சின்ன டொக்டர் படம் அனுப்பினார். நீல டிக் விழுந்துட்டு. பதில் இல்ல. சேர்ஜன் தியேட்டர்ல நின்டிருப்பார், அவரையும் குறை சொல்லேலாது. இங்கால பொடியன்ட விரல் நுனி குளிர்ந்துட்டு வருது. சுத்திவர எரிஞ்ச தோல் இறுகி ரத்த ஓட்டத்தை நிப்பாட்டும், அதைக் கீறி விடணும். ஆரும் கீறல்ல, ஆரும் ஏத்தி விடவும் இல்ல, எல்லாரும் போனைப் பாத்துக் கொண்டு நின்டாங்க.

போன் இல்லாட்டி அந்த டொக்டர் அப்பவே ஏத்தியிருப்பார். நான் சொல்ற ஆபத்து அதுதான்.

உவர்மலையான்:
நானா, அது பதில் சொல்ல ஆளைப் போடாததின்ர பிழை. முறை எண்டா, இரவு பகலா ஆர் பதில் சொல்லுறது எண்டு பேர் போட்டிருக்கோணும். அரை மணித்தியாலத்தில பதில் இல்லையெண்டா ஏத்து. சுத்திவர எரிஞ்சது, மின்சாரம் தாக்கினது, முகம் எரிஞ்சு குரல் கம்மினது, மூக்குக்குள்ள கரி படிஞ்சது: இதுகளுக்குப் படம் அனுப்பிக் காத்திருக்கவே கூடாது, கோல் எடுத்துக் கொண்டே ஏத்தோணும்.

தம்பலகாமத்தாள்:
ஒருத்தரும் கேக்காததை நான் கேக்கிறன். எரிகாயத்தோட வாற பொம்பிளையளின்ர படம் ஆரின்ர போனில கிடக்கப் போகுது? நெஞ்சு, தொடை எல்லாம் எடுக்கோணும். சின்ன டொக்டருக்கு அடுத்த வருசம் வேற ஊருக்கு இடமாற்றம், போன் உடைஞ்சா திருத்திற கடைக்குப் போகும். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கிறதுக்கு 2022ல சட்டம் வந்தாச்சு, 9ஆம் இலக்கச் சட்டம். வாட்ஸப் போற வழியில பூட்டித்தான் அனுப்புது, ஆனா போனில கலரிக்குள்ள திறந்துதான் கிடக்கும். சில நேரம் அந்தக் காயம் விபத்தே இல்லை, வீட்டுக்குள்ள நடந்த வேலை. அப்ப படம் வழக்குக்கும் சான்று. ஆஸ்பத்திரியின்ர போனில எடுத்து, கேட்டு எடுத்து, ரிக்கற்றில, அதான் நோயாளியின்ர கட்டில் குறிப்பில, எழுதி வைக்காமல் ஒரு படமும் வேண்டாம்.

உவர்மலையான்:
இதில எனக்கு மறுப்பில்லை அக்கா.

சல்லிக்கரை:
எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு கதைக்கிறியள். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில வீட்டுக்கு வீடு கானில பெற்றோல் கிடந்தது. அதுக்கு முதல் வருசக் கடைசியில காஸ் வெடிச்சது. டொக்டர் விஜய கொடகும்புர சரிஞ்சாலும் மூடி கழராத குப்பி விளக்கைச் செய்து குடுத்தாரே, அவர் காப்பாத்தின அளவு ஆக்களை எந்தச் செயலி காப்பாத்தும்?

கிண்ணியா நானா:
அது சரி, ஆனா வேற கதை. இப்ப எரிஞ்ச ஆளுக்கு என்ன செய்ற?

உவர்மலை தம்பி, அரை மணித்தியாலக் கணக்கோட, பதில் சொல்ற டொக்டர்ட பேரும் ரிக்கற்றுல ஏறணும் என்டா நான் ஓம். பேர் ஏறாட்டி நான் எதிர்தான்.

சல்லிக்கரை:
மிஸ், அம்புலன்ஸ் வாறதுக்குள்ள வீட்டில என்ன செய்யிறது? பற்பசை பூசினா படத்தில ஒண்டும் தெரியாது எண்டு விளங்குது.

பழைய வோட்டு மிஸ்:
பற்பசை, முட்டை, ஐஸ் ஒண்டும் வேண்டாம். ஓடுற பச்சைத்தண்ணியில 20 நிமிசம் பிடியுங்கோ, எரிஞ்சு 3 மணித்தியாலத்துக்குள்ள எப்ப பிடிச்சாலும் பலன் இருக்கு. மோதிரம், காப்பு எல்லாம் வீங்க முதல் கழட்டுங்கோ. 1990 அம்புலன்ஸ் நம்பருக்கு அடிச்சுப் போட்டு, சுத்தமான மெல்லிய பிளாஸ்டிக் தாளை மேல விரிச்சு விடுங்கோ. சுத்திக் கட்டாதேங்கோ. பிள்ளையெண்டா எரியாத பக்கத்தைப் போர்த்தி வையுங்கோ, குளிர்ந்து போகும்.