உறைபனி இரவில் 6552.1 டிகிரி காட்டுகிறது: டேட்டா லாகர் டிரைவருக்கு உதவி தேவை

கேத்திக்காரன்:
வணக்கம். கேரட் தோட்டத்தில் வைக்க ஒரு யுஎஸ்பி டேட்டா லாகர் வாங்கினேன். வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் பதியும். மென்பொருள் விண்டோஸுக்கு மட்டும். நான் வைத்திருப்பது லினக்ஸ். விர்ச்சுவல் மெஷினில் விண்டோஸ் போட்டு, யுஎஸ்பி போக்குவரத்தைப் பதியும் யுஎஸ்பிமான், வயர்ஷார்க் வழியாக பாக்கெட்டுகளை (கணினியும் கருவியும் பரிமாறும் தரவுத் துண்டுகளை) பிடித்து, பைத்தானில் ஒரு டிரைவர், அதாவது கருவியோடு பேசும் நிரல், எழுதியிருக்கிறேன். பகலில் சரியாகப் படிக்கிறது.

ராத்திரி பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கியதும் 6552.1 டிகிரி என்கிறது. கேரட் எல்லாம் ஆவியாகியிருக்க வேண்டும்!

அப்புறம், கடிகாரத்தை மாற்றும் கட்டளை. பிடித்ததை அப்படியே திருப்பி அனுப்பினால் ஏற்கிறது. நிமிடத்தை மட்டும் மாற்றி அனுப்பினால் பதிலே இல்லை.

தயாரிப்பாளரிடம் ஆவணம் கேட்டேன். ரகசியம் காக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் தருவார்களாம். போடலாமா? நிரலை, மூலநிரலை எல்லோருக்கும் திறந்துவைக்கும் ஜிபிஎல் உரிமத்தில் வெளியிடும் எண்ணம் இருக்கிறது.

பைட்பொறுக்கி:
கருவி அனுப்பியது 65521, பத்தில் ஒரு டிகிரி கணக்கில். அதைக் குறியில்லாத (மைனஸே வராத) 16 பிட் எண்ணாகப் படிக்கிறீர்கள். 65536-ஐக் கழியுங்கள்: -15, அதாவது -1.5 டிகிரி. பைட்டுகளை எண்ணாக்கும் பைத்தானின் ஸ்ட்ரக்ட் அன்பேக்கில் பெரிய எழுத்து எச் (H) இருந்தால் சின்ன எழுத்தாக (h) மாற்றுங்கள், போதும்.

கடிகாரக் கட்டளையின் கடைசி பைட் செக்சம்மாக, அதாவது மற்ற பைட்டுகளிலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண்ணாக, இருக்கும். விண்டோஸ் மென்பொருளில் நிமிடத்தை மட்டும் மாற்றி மாற்றிச் சில பாக்கெட்டுகள் பிடியுங்கள். நிமிடம் கூடும் அளவே கடைசி பைட்டும் கூடினால் வெறும் கூட்டல்தான். தாறுமாறாகக் குதித்தால் சிஆர்சி என்ற சிக்கலான சரிபார்ப்புக் கணக்கு. ரெவ்எங் என்ற கருவி அதைக் கண்டுபிடித்துக் கொடுக்கும். ஒன்று, தெரியாத கட்டளைகளைக் குருட்டாம்போக்கில் அனுப்பாதீர்கள். அளவுத் திருத்த எண்கள் உள்ளே எழுதப்பட்டிருந்தால் அழிந்துவிடும்.

வெலிங்டன் கர்னல்:
தம்பி, கையெழுத்துப் போடாதீர்கள். குறைந்தபட்சம், மூலநிரலை வெளியிட அனுமதி உண்டா என்று எழுத்தில் கேட்காமல் போடாதீர்கள். இப்போது உங்களிடம் இருப்பதெல்லாம் நீங்களே கம்பியில் பார்த்தது. கையெழுத்துக்குப் பிறகு எது சொந்தமாகக் கண்டது, எது அவர்கள் தாளில் படித்தது என்று நிரூபிப்பது பெரும்பாடு.

எல்லா ஒப்பந்தமும் பொல்லாதது என்று சொல்லவில்லை. 2007-இல் லினக்ஸ் கர்னலை உருவாக்குபவர்களில் ஒருவரான கிரெக் குரோவா-ஹார்ட்மன் லினக்ஸ் டிரைவர்களை இலவசமாக எழுதித் தருவதாக நிறுவனங்களை அழைத்தபோது, ஆவணம் ரகசியம், நிரல் ஜிபிஎல் என்ற ஏற்பாட்டுக்கும் இடம் வைத்தார்கள். ஓப்பன்பிஎஸ்டி என்ற திறந்த இயங்குதளத்தின் ஆட்கள் அதையும் ஏற்பதில்லை. பிராட்காம் நிறுவனத்தின் வைஃபை சிப்புக்கு, நகலெடுத்தார்கள் என்ற பேச்சே வராதபடி, ஒரு குழு இருந்த டிரைவரைப் பிரித்துப் படித்து விவரக்குறிப்பு எழுதியது. அதை மட்டும் வைத்து இன்னொரு குழு நிரல் எழுதியது. உங்கள் லாகருக்கு அவ்வளவு தேவையில்லை.

நம் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 52(1)(ab) பிரிவையும் படியுங்கள். சட்டப்படி வைத்திருக்கும் மென்பொருளோடு வேறொரு நிரல் இணைந்து இயங்கத் தேவையான தகவல் எளிதில் கிடைக்காதபோது, அதைத் தேடியெடுக்க அது இடம் தருகிறது.

கேத்திக்காரன்:
நன்றி அண்ணா. -1.5 சரி, பக்கத்தில் வைத்த தெர்மாமீட்டரோடு ஒத்துப்போகிறது. செக்சம் வெறும் கூட்டல்தான். நிரலை வெளியிடலாமா என்று கேட்டதற்கு "இல்லை" என்று ஒரே வரியில் பதில் வந்தது. அதனால் கையெழுத்து இல்லை. இந்த டிரைவரை லினக்ஸின் மையநிரலான கர்னலுக்குள் எழுத வேண்டுமா?

பைட்பொறுக்கி:
வேண்டாம். கருவி எச்ஐடி வகை (விசைப்பலகை, மவுஸ் போன்றவை சேரும் யுஎஸ்பி வகை) என்றால், அவற்றை நேரடியாகப் படிக்க லினக்ஸ் தரும் ஹிட்ரா (hidraw) வழியாகவே படிக்கலாம். ரூட் (நிர்வாகி) உரிமை இல்லாமல் திறக்க ஒரு யுடெவ் விதி (கருவிகளுக்கு அனுமதி தரும் லினக்ஸ் அமைப்பு) எழுதுங்கள். நிரலோடு நீங்கள் பிடித்த பாக்கெட்டுகளையும் ஏற்றுங்கள், சரிபார்க்க உதவும்.