லினக்ஸில் இலவச வீடியோ எடிட்டர்: அறுபதாம் கல்யாணத்தில் தவில் முந்திய கதை

அல்சூரிலிருந்து:

அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். வீடியோவுக்குத் தனியாக ஆள் வேண்டாம், நம் பையன்களின் மூன்று போன் போதும் என்று வீராப்பாகச் சொன்னவன் நான். அதனால் எடிட்டிங்கும் என் தலையில் விழுந்தது. கையில் இருந்தது பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கிய பழைய லேப்டாப். 8 ஜிபி ராம், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட்.

ஆபீஸில் யாரைக் கேட்டாலும் டாவின்சி ரிசால்வ் என்றார்கள். சினிமாவுக்கே கலர் பார்க்கிற சாஃப்ட்வேர், இலவசப் பதிப்பும் உண்டு. எல்லாம் உண்மைதான். ஆனால் லினக்ஸில் அந்த இலவசப் பதிப்பு ஹெச்.264 என்ற வடிவத்தில் உள்ள வீடியோவைத் திறக்காது, ஏஏசி என்ற வடிவத்தில் உள்ள ஆடியோவையும் எடுக்காது. நம் போன்கள் பெரும்பாலும் எடுப்பது அதைத்தான். ஒவ்வொரு க்ளிப்பையும் முதலில் வேறு வடிவத்துக்கு மாற்ற வேண்டும், மாற்றினால் கோப்பு பல மடங்கு ஊதிவிடும். போதாததற்கு நல்ல கிராபிக்ஸ் கார்டும் கேட்கும். ஒண்டுக் குடித்தனத்தில் யானை வளர்க்க முடியாது என்று விட்டுவிட்டேன்.

அடுத்து எளிமையான ஒன்றைப் போட்டேன், பெயர் வேண்டாம். தலைப்பில் ‘பொன்னான நாள்’ என்று தட்டினால் கொம்பு ஒரு பக்கம், ப ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, “எழுத்தெல்லாம் ஏன்டா சண்டை போட்டுக்கிட்டு நிக்குது?” என்றார். தமிழில் தலைப்பு போடுகிறவர்கள் எந்த எடிட்டரை இறக்கினாலும் முதல் ஐந்து நிமிடத்தில் இதைச் சோதித்துவிடுங்கள். மற்ற வசதிகளை அப்புறம் பார்க்கலாம்.

கடைசியில் கேடென்லைவ். 2002இல் தொடங்கி இன்றுவரை வளர்ந்துவருகிற திறமூல மென்பொருள். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் அதே தலைப்பு ஒழுங்காக வந்தது. ப்ராக்ஸி வசதியைப் போட்டுவிட்டால் பெரிய க்ளிப்புகளுக்குச் சின்ன நகல் எடுத்து அதை வைத்தே வேலை செய்யவிடும், எக்ஸ்போர்ட் செய்யும்போது அசல் கோப்புக்குப் போய்விடும். என் லேப்டாப் திக்காமல் ஓடியது அதனால்தான்.

பிறகு ஆரம்பித்தது தவில் பிரச்சினை. க்ளிப்பின் தொடக்கத்தில் எல்லாம் சரி. பத்து நிமிடம் போனால் சத்தம் வந்த பிறகு தவில்காரரின் கை இறங்குகிறது. ஐயர் வாய் மூடியிருக்கிறார், மந்திரம் கேட்கிறது. இரண்டு ராத்திரி எடிட்டரைத் திட்டித் தீர்த்தேன். பாவம், குற்றவாளி போன். வெளிச்சம் குறைந்தால் நொடிக்கு 30 ஃபிரேம், அதாவது 30 படம், என்பதைப் போன் தானாகக் குறைத்துக்கொள்ளும். ஹோமப் புகை, மண்டபத்து இருட்டு, கேட்கவா வேண்டும்! எடிட்டரில் க்ளிப்புகளை அடுக்குகிற டைம்லைனோ எல்லா ஃபிரேமும் ஒரே இடைவெளியில் வருவதாகக் கணக்குப் போடுகிறது. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து படமும் சத்தமும் பிரிந்துவிடுகின்றன. வீடியோவை வடிவம் மாற்றுகிற ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் போட்டு, ஃபிரேம் ரேட்டை ‘கான்ஸ்டன்ட்’ என்று வைத்து எல்லாக் க்ளிப்பையும் மாற்றினேன். ஒரு ராத்திரி முழுக்க ஓடியது. காலையில் கையும் தவிலும் சேர்ந்துவிட்டன.

ஜாலஹள்ளியிலிருந்து:

நான் விண்டோஸ். 2017இல் மூவி மேக்கரை மைக்ரோசாஃப்ட் நிறுத்திய பிறகு, தேடலில் முதலில் வந்த ஒரு ‘இலவச’ எடிட்டரை இறக்கினேன். மகளின் அரங்கேற்றம், நாலு நாள் உட்கார்ந்து வெட்டி ஒட்டினேன். எக்ஸ்போர்ட் செய்தால் குழந்தையின் முகத்துக்குக் குறுக்கே கம்பெனிப் பெயர்! அதை எடுக்கப் பணம் கேட்டது. இப்போது ஷாட்கட். கேடென்லைவுக்குள் இருந்து வீடியோ வேலையைச் செய்கிற அதே எம்எல்டி எஞ்சின்தான் இதற்கும், விண்டோஸிலும் ஓடும், படத்தின் மேல் எதையும் ஒட்டாது. நீங்கள் சொன்ன போன் க்ளிப்பைத் திறந்தால், மாற்றித் தரட்டுமா என்று அதுவே கேட்கும். ஒரே குறை, ஃபில்டரைத் தேடித் தேடிப் போட வேண்டும். முதல் வாரம் எரிச்சல்தான்.

லிங்கராஜபுரத்திலிருந்து:

அண்ணா, நானும் கேடென்லைவ்தான். காலேஜ் ப்ராஜெக்டுக்காக ப்ராஜெக்ட் கோப்பை மட்டும் பென்டிரைவில் போட்டு எடுத்துப் போனேன். சின்னக் கோப்பாக இருக்கிறதே, சமர்த்து என்று நினைத்தேன். அங்கே திறந்தால் ஒரு க்ளிப்பைக்கூடக் காணோம். அந்தக் கோப்பில் வீடியோ இருக்காதாம், எது எங்கே இருக்கிறது என்ற விலாசம் மட்டும்தான் இருக்குமாம்! ப்ராஜெக்ட் மெனுவில் ‘ஆர்கைவ்’ என்று ஒன்று இருக்கிறது, எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிக் கொடுக்கும். ஆமாம், லினக்ஸ் மின்டிலேயே இருக்கிற சாஃப்ட்வேர் கடையில் கிடைக்கிற பதிப்பையா போட்டீர்கள்? எனக்கு அது பழசாக இருந்தது. அப்புறம், அப்பா என்ன சொன்னார்?

அல்சூரிலிருந்து:

இல்லைம்மா, ஆப்இமேஜ், மென்பொருள் முழுவதும் ஒரே கோப்பாக வருவது. இறக்கி, ப்ராபர்ட்டீஸில் இயக்க அனுமதி கொடுத்தால் போதும், இன்ஸ்டால் செய்யவே வேண்டாம். அப்பா முழுவதையும் பொறுமையாகப் பார்த்தார். முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்: “பந்தி எங்கடா?”

மூன்று போன்காரர்களும் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.