புதுப்பிப்பு: ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் மாற்றிய பிறகு உதறல் நின்றது

யாங்கோன் நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது, இரண்டாம் கியரிலிருந்து மூன்றாம் கியருக்கு மாறுகையில் என் பழைய டொயோட்டா உதறுகிறது என்றும், வீட்டிலேயே கியர் ஆயிலை மாற்றியும் அது பாதிதான் குறைந்தது என்றும் சென்ற மாதம் எழுதியிருந்தேன். இப்போது உதறல் முற்றிலும் நின்றுவிட்டது.

"ஒரு தடவை வடித்தால் போதாது தம்பி" என்று அண்ணன் ஒருவர் பதில் எழுதியிருந்தார், அதுவே சரி. அடிப் போல்ட்டைக் கழற்றினால் கியர்பெட்டியின் கீழ்த்தட்டில் உள்ள ஆயில் மட்டுமே இறங்குகிறது. எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்குள் இருப்பது அங்கேயே தங்கிவிடுகிறது. மொத்தம் 7 லிட்டர் கொள்ளும் கியர்பெட்டியில் தடவைக்கு 3 லிட்டர் மாற்றினால், மூன்றாவது தடவையில்தான் ஏறத்தாழ 80 சதவீதம் புதிய ஆயிலாகிறது. ஆகவே, இடையிடையே ஒரு வாரம் ஓட்டிவிட்டு, மேலும் இரண்டு முறை வடித்தேன். முதலில் காப்பி டிகாஷன் போல வந்தது, கடைசியில் வெளிச்சத்தில் பிடித்தால் சிவப்பாகத் தெரிந்தது.

கீழ்த்தட்டையும் இறக்கிப் பார்த்தேன். உலோகத் தூளைப் பிடிக்க அதில் வைத்திருக்கும் காந்தங்களில் படிந்திருந்த சாம்பல் நிறச் சேறு விரலில் வழவழவென்று இருந்தது. உலோகத் துணுக்கு ஒன்றும் இல்லை என்பது எனக்குப் பெரிய நிம்மதி.

ஆயில் அளவு பார்ப்பதில் அவசரம் கூடாது. வண்டியை நன்கு ஓட்டிச் சூடாக்கி, சமதளத்தில் நிறுத்தி, எஞ்சின் ஓடும்போதே பிரேக்கை மிதித்தபடி கியர்க் கம்பியை எல்லா நிலைகளுக்கும் நகர்த்தி, பார்க் நிலைக்குத் திரும்பிய பின்பே அளவுகோலை உருவ வேண்டும். குளிர்ந்த நிலையில் அளவுகோலின் சூட்டுக் கோடு (சூடான ஆயிலுக்கான குறி) வரை ஊற்றினால், சூடேறியதும் ஆயில் விரிந்து நுரைக்கும்.