நாக்கு எரிச்சலோட நான் பட்ட பாடு, உங்களுக்கும் இருந்தா எழுதுங்க

எல்லாருக்கும் வணக்கம், நான் ரங்கூன் தாமுவேல இருக்கேன். நாக்கு எரியுதுன்னு இங்க ரெண்டு மூணு பேர் கேட்டிருந்தீங்க, எனக்கு 4 வருசமா இருக்கு, அதான் எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும்.

முதல் தடவை தெரிஞ்சது மொகிங்கா கடைல, அதான் இங்க மீன் குழம்பு ஊத்தி சாப்பிடற நூடுல்ஸ். எப்பவும் போல எலுமிச்சை புழிஞ்சு மிளகாத்தூள் தூவி ஒரு வாய் வச்சேன், நாக்கோட இடது ஓரத்துல சுரீர்னு புடிச்சுது பாருங்க, கண்ணுல தண்ணியே வந்துருச்சு. வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னாடி நின்னு போன் லைட் அடிச்சு பாத்தா, கட்டைவிரல் நகம் அளவுக்கு செவப்பா வழுவழுன்னு ஒரு திட்டு, அதைச் சுத்தி கோலமாவுல இழுத்த மாதிரி நெளிநெளியா வெள்ளைக் கோடு. அம்மா உடம்பு சூடுன்னாங்க, இளநீ, நீராகாரம், மணத்தக்காளி கீரைய தேங்காப்பால் விட்டு சமைச்சுக் குடுத்தாங்க, நானும் சாப்பிட்டேன். சாப்பிடறப்ப இதமாத்தான் இருந்துச்சு, ஆனா 5 நாள் கழிச்சு பாத்தா ஓரத்துல இருந்தது போயி நடு நாக்குல புதுசா ஒண்ணு. அப்பதான் எனக்கு புத்துநோயா இருக்குமோன்னு பயம் வந்துச்சு, ராத்திரி தூக்கமே இல்ல. என் பையனுக்கு அப்ப 3 வயசு, அவனுக்கு ஒட்டிக்குமோன்னு என் தட்டுல இருந்து ஒரு வாய் கூட ஊட்டல, டம்ளரையும் தனியா வச்சேன்.

கிழிச்ச காலண்டர் தாள் பின்னாடி நாக்கு மாதிரி வரைஞ்சு, திட்டு எங்க இருக்குன்னு ரெண்டு நாளைக்கு ஒரு தடவை குறிச்சு தேதி போட்டு வச்சேன். 6 வாரம் ஆச்சு. அந்தத் தாளெல்லாம் எடுத்துட்டு பல் டாக்டர்கிட்ட போனேன். அந்த சயாமா, அதான் டாக்டரம்மா, தாளை வரிசையா மேசைல பரப்பி பாத்துட்டு, நாக்கையும் துணி வச்சு புடிச்சு ஓரம் அடி எல்லாம் பாத்துட்டு, இது ஜியோகிராஃபிக் டங், புத்துநோய் இல்ல, யாருக்கும் ஒட்டாதுன்னாங்க. நாக்கு மேல சின்னச் சின்னதா முள்ளு மாதிரி இருக்குமே, அது அங்கங்க உதிர்ந்து திரும்ப முளைக்குமாம், அதனாலதான் இடம் மாறுதாம். 100 பேர்ல 1ல இருந்து 3 பேருக்கு இருக்குமாம். அடியோட போக்க மருந்து கிடையாது, எரியாதவங்களுக்கு ஒண்ணுமே செய்ய வேணாம்னும் சொன்னாங்க. அன்னைக்கு சாயங்காலம் பையனை மடில வச்சு என் தட்டுலயே ஊட்டினேன், அழுதுட்டேன்.

எனக்கு ரொம்ப ஒத்தாசையா இருந்தது பேஸ்ட் மாத்தினதுதான். நிறைய நுரை வரதுக்காக சோடியம் லாரில் சல்பேட்னு ஒண்ணு போடுறாங்க, அது இல்லாததா, காரமான மின்ட் இல்லாததா வாங்கினேன், ரெண்டு வாரத்துல வித்தியாசம் தெரிஞ்சுது. புளி, தக்காளி, அன்னாசி எல்லாம் திட்டு இருக்கறப்ப தொடறதில்ல. டீயை நல்லா ஆத்தித்தான் குடிப்பேன். ஓனோ காவ்ஸ்வே நூடுல்ஸ் தேங்காப்பால்ல செய்யறதுங்கறதால மிளகா இல்லாம தாராளமா சாப்பிடலாம். கஷ்டம் கல்யாண பந்திதான், ரசம் வேணாம்னா எங்க வீட்டு சமையல் புடிக்கலயான்னு கேக்குறாங்க. இப்பல்லாம் முன்னாடியே "நாக்குல புண்ணு அத்தை, மோர் மட்டும் ஊத்துங்க"ன்னு சொல்லிடுவேன்.

மோல்மேன்ல இருந்து வந்த பதில்

தங்கச்சி, என் கதை வேற. எனக்கு திட்டு கிடையாது, நாக்கு மொத்தமும் செவந்து மழமழன்னு ஆயிடுச்சு, வெறும் சோறு கூட எரியும். பீலிக்கான் கோயிலுக்கு வேண்டிக்கிட்டு மீன் கறி முட்டை எல்லாம் விட்டு 6 வருசம் ஆச்சு, பால் தயிரும் எனக்கு ஒத்துக்காது, சக்கரைக்கு மெட்ஃபார்மின் 9 வருசமா முழுங்குறேன். ரெண்டும் சேந்து பி12 வைட்டமின் கொறைஞ்சிருக்கு, அந்த மாத்திரை பி12 உடம்புல சேர்றதைக் கொறைக்குமாம், எனக்கு யாரும் சொல்லல. உள்ளங்கால்ல எறும்பு ஊர்ற மாதிரி இருந்ததை சக்கரையாலன்னே நெனச்சிட்டிருந்தேன். ரத்தம் எடுத்து பாத்து ஊசி போட ஆரம்பிச்சாங்க, நாக்கு மாசத்துக்குள்ள ஆறிடுச்சு, கால் இன்னும் முழுசா சரியாகல. சக்கரைக்காரங்க நாக்கு எரிஞ்சா சூடுன்னு விடாதீங்க, ரத்தம் குடுத்து பாருங்க. மாத்திரைய மட்டும் நீங்களா நிறுத்திடாதீங்க.

பெகுல இருந்து

எனக்கும் அக்கா மாதிரி திட்டுதான், பரீட்சை நேரத்துல கூடிடும். நாக்குல நடுவுல வெடிப்பும் இருக்கு. அதுவும் இதுவும் சேந்து வர்றது உண்டுன்னு டாக்டர் சொன்னாங்க.

மறுபடி ரங்கூன், காளி கோயில் பக்கம்

அக்கா உங்க காலண்டர் விசயம் படிச்சதும்தான் எழுதணும்னு தோணுச்சு. எங்க அண்ணன் 22 வருசமா குன்யா போடுவார், அதான் வெத்தலை, பாக்கு சுண்ணாம்பு புகையிலை எல்லாம் சேத்து, ஒரு நாளைக்கு 15க்கு கொறையாது. முதல்ல காரம் சாப்பிட்டா எரியுதுன்னார், அப்பறம் கன்னத்து உள்பக்கம் வெளுத்து கயிறு மாதிரி இறுகிடுச்சு, நாக்கு ஓரத்துல ஒரு வெள்ளைத் திட்டு. அது நகரவே இல்லக்கா. 3 மாசம் அதே இடம். வாயைத் திறந்து மூணு விரலை நெட்டுக்குத்தா வைக்க சொன்னேன், ஒண்ணரை விரல்தான் போச்சு.

இழுத்துட்டு போனோம், சின்னதா சதை எடுத்து டெஸ்ட் பண்ணினாங்க. புத்துநோய் இல்ல, ஆனா பின்னாடி அப்படி மாற வாய்ப்பிருக்கு, இறுகினது பழையபடி ஆகாதுன்னாங்க. புகையிலை போட்டாத்தானே கெடுதல், வெறும் பாக்கு ஒண்ணும் செய்யாதுன்னு அண்ணன் வாதாடினார், டாக்டர் விடல, வெறும் பாக்கே புத்துநோய் உண்டாக்கும்னு 2004லயே உலக சுகாதார நிறுவனத்தோட புத்துநோய் ஆராய்ச்சி மையம் முடிவு பண்ணிடுச்சுன்னு சொன்னார். விட்டு 7 மாசம் ஆகுது. 3 மாசத்துக்கு ஒரு தடவை காட்ட சொல்லியிருக்காங்க. ஒரே இடத்துல ரெண்டு வாரத்துக்கு மேல நிக்கிற புண்ணுன்னா காத்திருக்காதீங்க, குன்யா போடுறவங்க வீட்ல இருந்தா இன்னைக்கே வாயைத் திறக்க சொல்லி பாருங்க.

தாமுவே

தம்பி, படிச்சதும் மனசு பதறிடுச்சு, அண்ணன் விட்டதுக்கு சந்தோசம். அடுத்து என்னைக்கு காட்டணும்னு தேதிய காலண்டர்ல நீங்களே குறிச்சு வைங்க, அவர் மறந்துடுவார். வாய் திறக்க கஷ்டம்னா மொகிங்காவுக்கு வாழத்தண்டை பொடிப்பொடியா நறுக்கி நல்லா குழைய வேக வச்சு, மிளகா இல்லாம, நூடுல்ஸையும் நறுக்கிப் போட்டு குடுங்க. எங்க வீட்ல எனக்கு அப்படித்தான், வேணும்னா அளவு எழுதுறேன்.